பொய்க் குருதியும் மெய்ப் புண்ணும்

(கோலா தெர்லா தோட்டக் கிராணி ஒருவர் எழுதுவது)

கலை யாவும் ஒருவகைப் பொய்யே என்பது பழைய பேச்சு. அதனை மறுக்க நான் வரவில்லை. ஆனால் எந்தப் பொய்யை எவ்வளவு மெய்போலச் செய்யலாம், அவ்வாறு செய்தவன் யாருக்குக் கடன்பட்டவன் என்னும் கேள்வியை நம் நாடகக்காரரும் படக்காரரும், அவர்களைக் குறைகூறும் நாமும், கேட்பது அரிது. அக்கேள்வியை எனக்குக் கற்பித்தது ஒரு கிண்ணம் சர்க்கரைப் பாகு.

சென்ற ஆண்டு எங்கள் பக்கத்து இளைஞர் சிலர் நாடகமொன்று நடத்த எண்ணினர். கொழுந்து வெட்டும் பொறியில் கை வெட்டுண்ட தொழிலாளி ஒருவனின் கதை அது. விளம்பரத் தாளில் அச்சிடுவதற்கு, கையிலிருந்து குருதி வழியும் புகைப்படம் ஒன்று வேண்டுமென்றனர். ஆங்கிலப் பள்ளியில் படித்தவன், மாக்பெத் நாடகத்தை ஒரு காலத்தில் மனப்பாடம் செய்தவன் என்னும் தகுதிகளை முன்னிட்டு, செயற்கைக் குருதி காய்ச்சும் பொறுப்பை என் தலையில் வைத்தனர். அவ்வேலையில் நான் கற்றதையும், கற்ற கண்ணோடு நம் கூத்தையும் திரைப்படத்தையும் திரும்பிப் பார்த்தபோது தோன்றியதையும் வாசகர் முன் வைக்கிறேன்.

அடையாளக் குருதி

தமிழனுக்குச் செயற்கைக் குருதி புதிதன்று. செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின் முடிவில் நிகழும் படுகளத்தை எண்ணிப் பாருங்கள். பல நாள் பாரதம் படித்து, பல இரவு கூத்தாடிய பின், வெட்டவெளியில் மண்ணால் துரியோதனனைச் செய்து மல்லாக்கக் கிடத்துவர். மனித உடலினும் பன்மடங்கு பெரிய உருவம் அது. அதன் தொடையில் செந்நீர் அடைத்த கலமொன்றைப் புதைத்து வைப்பர். வீமன் வேடந் தரித்தவர் அத்தொடையை அடிக்கச் செந்நீர் வெளிப்படும். அதனைத் தொட்டுத் திரௌபதியின் விரித்த கூந்தலில் தடவி முடிப்பர். சபை நடுவே இழுத்து வரப்பட்ட ஒரு பெண்ணின் சபதம் அத்துடன் நிறைவேறுகிறது.

அச்செந்நீரை மெய்யான இரத்தமென்று எண்ணுபவர் அக்கூட்டத்தில் ஒருவரும் இலர். மண்ணுக்கு இரத்தம் ஏது? சிறு குழந்தைக்கும் அது தெரியும். ஆயினும் பெண்கள் கண் கலங்குகின்றனர், ஆண்கள் ஆர்ப்பரிக்கின்றனர். அங்கே குருதி ஓர் அடையாளம். பறையும் விளக்கும் வேடமும் பாட்டும், 'இது கூத்து' என்று ஆயிரம் வாயால் முன்னரே சொல்லிவிட்டன. அவ்வளவு சொன்ன பின்னர் நிறம் சற்று மாறினால் என்ன, நீர்த்திருந்தால் என்ன? செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியிலும் இந்நிலையே. போர்க்களத்துக் குருதியில் பேய்கள் கூழ் அட்டு உண்கின்றன. அக்குருதியைப் படிபோட்டு அளக்கப் புகுபவன் கவிதை அறியாதவன்.

அடையாளக் குருதிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கேரளத்துக் கோயில்கள் சிலவற்றில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த செந்நீருக்கே 'குருதி' என்று பெயர். சோட்டானிக்கரையில் அதனைப் பெரும் பாத்திரங்களில் நிறைத்துப் பூசை செய்கின்றனர். நம் மொழியில் இரத்தத்தைக் குறிக்கும் சொல், அங்கு இரத்தத்துக்குப் பதிலாக வந்த நீரின் பெயராகிவிட்டது. நம் வாசலில் உடைக்கும், குங்குமம் அடைத்த பூசணிக்காயையும் பலியின் பதிலி என்றே பெரியோர் சொல்வர். சென்னை இராச்சியத்தில் 1950இலும், கேரளத்தில் 1968இலும் கோயில்களில் விலங்கு, பறவைப் பலியைத் தடுக்கச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2003இல் அச்சட்டத்தைக் கண்டிப்பாக நடத்தப் புகுந்தபோது எதிர்ப்பு மூண்டு, 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. பூசணிக்காய் உடைத்தால் கண்ணேறு கழியுமென்று நான் நம்புகிறவனல்லேன். ஆயினும் ஓர் ஆட்டின் கழுத்துக்குப் பதிலாக ஒரு காய் உடையுமாயின், அந்தப் பொய் பாராட்டத்தக்க பொய்யே என்பேன்.

சாயற் குருதி

நிற்க. புகைப்படத்தின் நிலை வேறு. அதற்குப் பறையும் இல்லை, பாட்டும் இல்லை. 'இஃது இங்கே இருந்தது' என்று மட்டும் அது சொல்கிறது. அதில் வரும் குருதி அடையாளமாக நின்றால் போதாது; மெய்யின் சாயலைப் பெறல் வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல் நாங்கள் முதலில் ஆரத்தி கரைத்தோம்.

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்குமென்பது நம் வீட்டுப் பெண்கள் அனைவரும் அறிந்த இரசாயனம். மஞ்சட் கறை பட்ட துணியில் சவர்க்காரம் பட்டவுடன் சிவப்பதும், புளிப்பு பட்டவுடன் மீண்டும் மஞ்சளாவதும் அதனாலேயே. கிண்ணத்தில் அது நன்றாகத்தான் இருந்தது. படத்தில் செங்கல் கரைத்த நீர்போல் தோன்றியது. மறுநாட் காலையில் சட்டையைப் பார்த்தால், சிவப்பு மங்கி மஞ்சட் கறையே நின்றது. மெய்யான இரத்தமோ நேரம் செல்லச் செல்லக் கறுக்கும். ஆகவே இவ்விரண்டும் காலத்தின் போக்கில் எதிரெதிர்த் திசையில் நடப்பவை.

அடுத்துக் குங்குமத்தை எண்ணெயில் குழைத்தோம். தூள் அடியில் தங்கி, எண்ணெய் மேலே மினுங்கியது. தக்காளிச் சாறு பற்றியும் பேச்சு எழுந்தது. எங்கள் கோலா தெர்லாவில் தக்காளிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதன் நிறம் செம்மஞ்சள், அதன் சதை திப்பி திப்பியாக நிற்கும். கையில் பூசியபோது, உணவு உண்டு கை கழுவாதவனைப் போல எங்கள் நடிகர் காட்சியளித்தார்.

பிற நாட்டார் இத்துறையில் பட்ட பாட்டையும் படித்துப் பார்த்தேன். ஷேக்ஸ்பியர் காலத்தில் நடந்த 'அல்காசர்ப் போர்' என்னும் நாடகத்தின் மேடைக் குறிப்பில், மூன்று குப்பி இரத்தமும் ஓர் ஆட்டின் ஈரல் முதலிய உள்ளுறுப்புகளும் வேண்டுமென்று எழுதப்பட்டிருக்கிறது. பாரிசில் 1897 முதல் 1962 வரை நடந்த கிராண் கினோல் என்னும் கொடூர நாடக அரங்கில் கார்மைன் சாயத்தையும் கிளிசரினையும் சூடாக்கிக் கலந்தனர். கறுப்பு வெள்ளைப் படங்களின் காலத்திலோ சிவப்பே தேவைப்படவில்லை. ஹிட்ச்காக் 1960இல் எடுத்த 'சைக்கோ' படத்தில் குளியலறைத் தொட்டியில் ஓடுவது சாக்லெட் பாகு. தமிழில் 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வண்ணத்தில் வந்த பின்னரே, திரையில் சிவப்பு எத்தகைய சிவப்பாக இருத்தல் வேண்டுமென்னும் தொல்லை நம்மவரைப் பற்றியது எனலாம். அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித், சோளப் பாகில் சாயங்களைக் கலந்து செய்த குருதியே பின்னர் பலருக்கும் முன்மாதிரியாயிற்று.

அவரைப் பின்பற்றி நாங்கள் கண்ட முறை இது. கெட்டியான சர்க்கரைப் பாகு ஒரு கோப்பை. சிவப்பு உணவுச் சாயம் இரண்டு தேக்கரண்டி. நீலச் சாயம் இரண்டு மூன்று துளி. கொக்கோத் தூள் ஒரு தேக்கரண்டி. நீலம் சேராவிடில் சிவப்பு, சர்பத்தின் சிவப்பாகவே நிற்கும். கொக்கோ சேராவிடில் பாகு கண்ணாடிபோல் தெளிந்து, அடியிலுள்ள தோலைக் காட்டிக் கொடுக்கும். மெய்யான இரத்தத்தின் ஊடே தோல் அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. தோலில் திரளாமல் படரும்பொருட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஒரு துளி விட்டோம். வாயிலிருந்து குருதி வரவேண்டிய இடத்தில் அத்துளியைச் சேர்த்தலாகாது, கண்ணருகிலும் ஆகாது. எங்கள் மலைக்குளிரில் பாகு இறுகிப் போவதால், கிண்ணத்தை வெந்நீரில் வைத்துக்கொண்டே வேலை செய்தோம்.

நிறம் கைவந்தது. வெற்றி கண்டோமென்று மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சி கால் மணி நேரம் நீடித்தது.

கொழுந்தெடுக்கும் அம்மையார் சொன்னது

படம் எடுத்த இடத்தருகே, முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்தெடுத்த அம்மையார் ஒருவர் வேலை முடிந்து கூடையை இறக்கிவிட்டு நின்றார். எங்கள் நடிகர் முழங்கையிலிருந்து விரல் வரை குருதி வழிய, கையை வானை நோக்கி நீட்டி, வாயைப் பிளந்து நின்றார். அம்மையார் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கிராணி ஐயா, கலரு சரியாத்தான் இருக்கு. ஆனா கையில வெட்டுப்பட்டவன் கையை நீட்டிக்கிட்டா நிப்பான்? பொத்திக்குவான். ரத்தம் விரலிடுக்கு வழியாத்தான் வரும். இம்புட்டு ரத்தமும் போனா அப்புறம் அவனுக்குக் கத்த ஏது தெம்பு?"

நான் வெட்கினேன். பள்ளியில் மாக்பெத்தைப் படித்த எனக்கு, அம்மன்னன் தன் கைகளைப் பார்த்துக் கலங்கும் இடம் நினைவிருந்தது. ஆனால் அடிபட்ட கை என்ன செய்யுமென்பது தெரியவில்லை. அந்த அம்மையாரின் இடக்கைச் சுட்டுவிரலில் பழைய வடு ஒன்று இருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் சொற்படி மீண்டும் எடுத்தோம். இடக்கையை வலக்கை பொத்தியிருக்கிறது. விரலிடுக்குகளில் மெல்லிய கோடுகள். மணிக்கட்டருகே ஒரு கோடு காய்ந்து கறுத்திருக்கிறது; அதன்மேல் புதிதாக ஒன்று சிவந்து வருகிறது. கருநீலச் சட்டையில் சிவப்பே இல்லை, ஈரம்பட்டதுபோன்ற கருமை மட்டுமே. இருண்ட துணியில் இரத்தம் அவ்வாறே தெரியுமென்பதையும் அவரே கூறினார். கீழே தேயிலை மேல் இரண்டே துளிகள். முதற்படத்துக்குக் கால் கோப்பை செலவாயிற்று. இரண்டாவதற்கு ஒரு தேக்கரண்டிதான். ஆனால் இரண்டாவது படத்தைக் கண்டவர் எவரும் நகைக்கவில்லை.

அப்பொழுதுதான் ஒன்றை உணர்ந்தேன். தோட்டத்து மக்களை இரத்தத்தில் ஏமாற்றுவது அரிது. அட்டைக்கடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை விழுந்த பின்னும் காலில் இரத்தம் நூல்போல் நெடுநேரம் ஓடிக்கொண்டிருக்கும், வலியோ இல்லை. அட்டையினிடத்து இரத்தத்தை உறையவொட்டாமற் செய்யும் பொருளொன்று உண்டென்று ஹேக்ராஃப்ட் என்னும் ஆங்கில நாட்டு அறிஞர் 1884இல் கண்டு எழுதினார். நம் மூதாட்டிகள் அப்பொருளின் பெயரை அறியார்; ஆனால் அட்டைக்கடி இரத்தத்துக்கும் கத்திவெட்டு இரத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தொலைவிலிருந்தே சொல்வர். கவாத்துக் கத்தி ஒருவாறு வெட்டும், கத்திரி வேறுவாறு, பொறி இன்னொருவாறு. ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு காரணமும் ஒரு கால அளவும் உண்டு. சாயற் குருதியின் மெய்ம்மை நிறத்தில் தொடங்குகிறது, முடிவதோ இவ்வறிவில்.

திரைப்படத்தின் குறை

இவ்வளவுகோலைக் கொண்டு நம் திரைப்படங்களை அளந்தால் என்ன காண்கிறோம்? கதாநாயகன் இருபது பேரிடம் அடி வாங்குகிறான். உதட்டோரத்தில் ஒரே ஒரு கோடு. அதுவும் மூக்கையோ பல்லையோ கெடுக்காமல், ஓவியன் இழுத்த கோடுபோல் இறங்குகிறது. அதை விரலால் துடைத்து, பார்த்து, சிலவேளை சுவைத்தும் விட்டு, அவன் சீறி எழுகிறான். அவனிடம் அடிபட்டுப் பறக்கும் அடியாட்களுக்கோ இரத்தம் என்பதே கிடையாது. நாயகனின் தாய் குண்டடிபட்டால் வெண்புடவையில் வட்டமாக ஒரு செம்பூ மலர்கிறது. அம்மூதாட்டி அதன்பின் நெடுநேரம் தெளிவாக வசனம் பேசி, அனைவரையும் ஆசீர்வதித்து, கடைசிச் சொல் முடிந்த கணத்தில் தலை சாய்க்கிறார்.

இதுவும் கூத்துப்போல் அடையாளந்தானே என்று கூறுவாருமுளர். அன்று. கூத்து தன்னைக் கூத்தென்று ஒப்புக்கொள்கிறது. மேற்கூறிய படங்களோ மெய்யான தெரு, மெய்யான வீடு, மெய்யான மழை ஆகியவற்றைக் காட்டி நம்பச் செய்துவிட்டு, இரத்தம் வரும்போது மட்டும் பொய் சொல்கின்றன. யாருடைய இரத்தம் மதிப்புள்ளது, யாருடையது கணக்கில் வராதது என்பதையும் அப்பொய்யின் வழியே கற்பிக்கின்றன. இக்காலத்தில் இதற்கு எதிர்ப்புறமாகவும் ஒரு வழக்கம் வந்துள்ளது. குடங்குடமாகக் கொட்டுகின்றனர். மனித உடலில் இருப்பது ஏறத்தாழ 5 லிட்டர். சில படங்களில் ஒரு கை அறுபட்டாலே அதனினும் மிகுதியாகத் தெறிக்கிறது. பஞ்சமும் வெள்ளமும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

குறையே கூறுதல் முறையன்று. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ', தமிழில் 'எரியும் பனிக்காடு' என வந்தது. அதனைத் தழுவிப் பாலா 2013இல் எடுத்த 'பரதேசி' படத்தில், தப்பியோட முயன்றவனின் கால் நரம்பு அறுக்கப்படுகிறது. அங்கே நெஞ்சில் தைப்பது குருதியின் அளவன்று. இனி அவனால் ஓட இயலாது என்னும் செய்தி. அறுத்தவன் ஏன் அந்த நரம்பை அறுத்தான் என்பதைத் தோட்டத்தில் வாழ்பவன் எவனும் கேளாமலே அறிவான். புண்ணுக்குக் காரணமும் விளைவும் இருப்பதனால் அக்காட்சி மெய்யாகிறது. அமெரிக்காவில் 1976இல் வந்த 'டாக்சி டிரைவர்' படத்தின் இறுதிக் கொலைக்காட்சியைக் கொடியதென்று தணிக்கையாளர் கருதவே, இயக்குநர் ஸ்கார்செசி அப்பகுதியின் நிறத்தை மங்கச் செய்தார். சிவப்பு பழுப்பாயிற்று, என் கண்ணுக்கு அப்பழுப்பே சிவப்பினும் கொடியதாகப் படுகிறது.

படம் செய்த கலகம்

இனி எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும். நாடகத்தின் பெயரை அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டுத் தாளைக் கடைகளில் ஒட்டினோம். படத்தை மட்டும் இளைஞன் ஒருவன் கைப்பேசி வழியே நண்பர்க்கு அனுப்பினான். அது ஊர் ஊராகப் போயிற்று. அன்று மாலையே, மகன் வேறொரு தோட்டத்தில் பொறி பிடிக்கும் தாய் ஒருவர், 'யாருக்கு அடிபட்டது, எந்தத் தோட்டம்?' என்று கேட்டுக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். முகம் தெரியாத கை. சட்டையும் எல்லோரும் அணிவது. தம் மகனுடைய கையென்றே எண்ணிவிட்டார். மகனோடு தொலைபேசியில் பேச வைத்து, பாகுக் கிண்ணத்தையும் காட்டிய பின்னரே அவர் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தோம். 'நல்லா செஞ்சிருக்கீங்க' என்றார். அப்புகழ்ச்சியைப் போல் என்னைச் சுட்ட சொல் வேறில்லை.

படுகளத்தில் இத்தகைய தீங்கு நிகழாது. அங்கே பொய்யைச் சுற்றி வேலி இருக்கிறது. புகைப்படத்துக்கு வேலி கிடையாது. அது தன் ஊரையும் பெயரையும் விட்டுப் புறப்பட்டுப் போகும். ஆகவே சாயற் குருதி செய்பவனுக்குக் கடமை இரண்டு. புண்ணை அறிந்து செய்தல் ஒன்று. இது நாடகம் என்று படத்தின் உள்ளேயே, வெட்டியெடுக்க முடியாதபடி, பெரிய எழுத்தில் எழுதுதல் மற்றொன்று. முதற்கடமையில் தவறுபவன் கலையில் தோற்கிறான். இரண்டாவதில் தவறுபவன் அயலாருக்குத் தீங்கிழைக்கிறான், நாங்கள் இழைத்தோம்.

'இத்தனை தொல்லை எதற்கு? இரத்தத்தைக் காட்டாமலே நாடகம் நடத்தலாகாதா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். பழைய கிரேக்க நாடகங்களில் கொலை பெரும்பாலும் மேடைக்கு அப்பாலேயே நிகழும். தூதன் வந்து சொல்வான். அது சிறந்த முறையே. ஆனால் தோட்டத்துக் காயங்கள் ஏற்கெனவே மேடைக்கு அப்பாலேதான் நிகழ்கின்றன. அவற்றைச் சொல்ல வரும் தூதன் யார்? கிராணியாகிய நானே. என் தொழிலில் காயத்தைப் பதிவேட்டில் எழுதும் முறை உலகறிந்தது: நாள், பெயர், இடக்கைச் சுட்டுவிரல், வெட்டுக்காயம், விடுப்பு மூன்று நாள். அவ்வளவே. ஆண்டுக்கணக்காக எழுதி வந்தும், விரலைப் பொத்திய மற்றொரு கை அவ்வரிகளில் எனக்குத் தென்பட்டதில்லை. பாகு காய்ச்சிய அன்றுதான் தென்பட்டது. அதற்காகவேனும் அப்படம் எடுத்தது நன்றென்று கருதுகிறேன்.

நாடகம் போடும் இளைஞர்க்கும் படமெடுக்கும் நண்பர்க்கும் என் வேண்டுகோள் சிறிது. சாயக் குப்பியைத் திறக்குமுன், காயப்பட்டவர் ஒருவரிடம் சென்று, அன்று என்ன நடந்தது, கை எங்கே போயிற்று, முதலில் யாரை அழைத்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்ல விரும்பாவிடின் வணங்கி விடைபெறுங்கள். சொன்னாராயின், உங்களுக்கு ஒரு தேக்கரண்டிக் குருதி போதும்.

எங்கள் விளம்பரத் தாளைத் திருத்தி மீண்டும் அச்சிட்டோம். 'நாடகம்' என்னும் சொல் இப்பொழுது அந்தக் கைகளின் மேலேயே குறுக்காக நிற்கிறது. படத்தின் அழகு சற்றுக் கெட்டது என்று இளைஞர் முணுமுணுத்தனர். கெடட்டும்.